தோற்காத மனிதரின் நாற்காலி

அவர் இறந்த செய்தியை நடராசா ஒரு பத்திரிகைத் துண்டாக உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். தோட்டச் சங்கம் காசு கொடுத்துப் போட்ட இரங்கல் விளம்பரம் அது. கறுப்புக் கட்டம், மேலே சிலுவை, நடுவில் பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி: எந்தக் களத்திலும் தோல்வி அறியாதவர்.

நான்கு சொற்கள். அதில் களம் என்ற ஒரு சொல்தான் உண்மை. மற்ற மூன்றும் பொய். அறியாதவராம். தோல்வி தெருமுனையில் திரும்பும்போதே அதன் வாசனை அவருக்கு எட்டிவிடும். மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் எழுந்து, யாரையாவது தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய வீரம் முழுவதும் அவ்வளவுதான்.

பெயரை நான் எழுதப் போவதில்லை. தெருவில் எல்லோரும் மேஜர் என்றார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. முதல் உலகப் போர் முடிந்தபோது அவர் கேப்டன். படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பும்போது மேஜர் என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். தோற்ற பிறகு கிடைத்த பதவி உயர்வு.

அறுபத்தாறாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் புகை படிந்த ஒரு நகரம். அங்கே உருக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு வேலை. மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான். மற்றதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நடராசா. கீழே மேஜர் தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது. ஒல்லி, உயரம். உள்கோட்டில் ஆறு பொத்தான்கள், கோடையிலும் ஆறும் பூட்டியிருக்கும். நடக்கும்போது கைத்தடி தரையில் படாது. அது ஊன்றுவதற்கு இல்லை, சுட்டிக்காட்டுவதற்கு.

ஞாயிறு மதியங்களில் சதுரங்கம் ஆடக் கூப்பிடுவார். முதல் ஆட்டத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். இருபது நகர்த்தல்களுக்குப் பிறகு அவருடைய ராணி மாட்டிக்கொண்டது. அவர் பலகையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எழுந்தார்.

"காபித் தண்ணீர் வைக்கிறேன். ஹெர் நடராசா, எனக்காக நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்."

ஹெர் என்றால் திரு. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நடராசா மரியாதைக்காக உட்கார்ந்தார். எட்டு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. மேஜர் தட்டோடு திரும்பி வந்து பலகையைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்ன செய்துவிட்டீர்கள்? நான் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது."

கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இந்த வாக்கியத்தை அந்த வீட்டில் நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் கோபத்தில் விட்டுவிட்டேன். வானொலிப் பெட்டியின் திருகைத் தானே உடைத்துவிட்டு, "சற்றுப் பாருங்கள்" என்று நடராசாவின் கையில் கொடுப்பார். நடராசா திருப்பிக் கொடுக்கும்போது அந்த வாக்கியம் வரும். கொதிகலனை அணையவிட்டு என்னிடம் கரி அள்ளும் கரண்டியை நீட்டுவார். அறை குளிர்ந்ததும் அந்த வாக்கியம் வரும். குரலை உயர்த்த மாட்டார். பெருந்தன்மையாக, கொஞ்சம் வருத்தத்தோடு சொல்வார். எனக்கு எரிச்சல் மூட்டியது அந்தப் பெருந்தன்மைதான்.

"அண்ணை, உங்கட மேஜர் தோற்க மாட்டார். ஆளை மாத்துவார்" என்பார் நடராசா. "நான் இனி அந்தக் கதிரையில இருக்கிறதா இல்லை. பாருங்கோ, அடுத்த முறை கால் நோகுது எண்டு சொல்லப் போறன்."

"கால் நோவுதுன்னா ஏன் நிக்கிறீங்கன்னு உட்கார வெச்சிடுவார், நடராசா."

"ஓம், அதுவும் சரிதான்."

ஜெர்மனியில் முதல் உலகப் போருக்குப் பின் பிறந்த குடியரசு ஏன் பதினான்கே ஆண்டுகளில் செத்தது என்று கேட்டால் படித்தவர்கள் ஒரு வரிசையே சொல்வார்கள். வென்றவர்கள் சுமத்திய கடுமையான ஒப்பந்தம். காகிதமாகிப்போன பணம். வேலையில்லாத லட்சக்கணக்கானோர். ஒன்றாக உட்காரத் தெரியாத கட்சிகள். நானும் நூலகத்தில் படித்து ஆறு காரணங்கள் வரை எண்ணி வைத்திருந்தேன். எல்லாம் சரி. ஆனால் அதில் ஒரு காரணத்தோடு நான் மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தேன். அதற்கு ஆறு பொத்தான்கள், ஒரு கைத்தடி.

அவருக்கு நகரின் விளிம்பில் ஒரு தோட்டம் இருந்தது. ஜெர்மன்காரர்களுக்கு இது ஒரு பெரிய வழக்கம். நகராட்சி நிலத்தைச் சங்கம் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்ட சின்னச் சின்னத் துண்டுகளாக்கி உறுப்பினர்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரக்குடிசை, கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் ரோஜா. அங்கே நாற்பத்தேழு துண்டுகள். மேஜர் சங்கத் தலைவர். வேலிச் செடியின் உயரத்தைத் தடியால் அளப்பார்.

முப்பத்தொன்றாம் எண் தோட்டம் லோரென்ட்ஸினுடையது. பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோர்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது, தணிந்த குரல். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. முதல் குடியரசின் காலத்தில் இளைஞனாக நகர மன்றத்தில் இருந்தவர். முப்பத்துமூன்றில் பழுப்புச் சட்டைக்காரர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவரைப் பிடித்து, ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் வைத்து அடித்தார்கள். அந்த விரல்கள் அங்கே போனவை. வெளியே விட்ட பிறகும் வீட்டுக்குப் போகப் பயந்து, இந்தத் தோட்டக் குடிசையில்தான் ஒரு கோடை முழுவதும் ஒளிந்திருந்தார். அவர் மனைவி தக்காளி பறிக்க வருவதுபோல வந்து கூடையில் சாப்பாடு வைத்துவிட்டுப் போவாராம். ஆகவே அது அவர்களுக்கு வெறும் தோட்டம் இல்லை. அந்த அம்மாள் என்னிடம் ஒரு முறை சொன்னார்: "இவர் உயிரோடு இருப்பது இந்தப் பலகைகளால்தான். நான் ஆண்டுதோறும் எண்ணெய் பூசுவது அதற்காகத்தான்."

ஒரு ஞாயிறு, லோரென்ட்ஸும் மேஜரின் வீட்டுக்குக் காபிக்கு வந்திருந்தார். பேச்சு பழைய போருக்குத் திரும்பியது. மேஜர் அப்போது பெல்ஜியத்தில், தலைமையகத்தில், பெரிய வரைபடத்தில் ஊசி குத்தும் வேலையில் இருந்தாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, இலையுதிர் காலம்.

"ஊசிகள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன?" என்று நான் கேட்டேன்.

"பின்னால்" என்றார் மேஜர். "ஒழுங்காகப் பின்னால்."

"அப்போதே தெரியுமா, தோற்றுவிட்டோம் என்று?" இது லோரென்ட்ஸ்.

"தோற்கவில்லை. நாட்டின் உள்ளே தாக்குப்பிடிக்கவில்லை."

"அது சரி, ஹெர் மேஜர். ஆனால் உடனே போர் நிறுத்தம் வேண்டும் என்று சக்கரவர்த்தியிடம் போய்ச் சொன்னது உள்ளே இருந்தவர்கள் இல்லையே. உங்கள் தளபதிகள்."

"சொன்னார்கள். அது புத்திசாலித்தனம்." மேஜர் கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார். "கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில் நாம் ஏன் போட வேண்டும்? நாடாளுமன்றம் நாடாளுமன்றம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வாருங்கள், அரசாங்கம் இதோ, நடத்துங்கள் என்று சொன்னோம். படையின் பெயரில் கறை விழக்கூடாது."

நடந்தது அதுதான். நாலு வருடம் ஒரு முடிவிலும் சேர்த்துக்கொள்ளாத கட்சிக்காரர்களைக் கடைசி வாரங்களில் கூப்பிட்டு ஆட்சியைக் கையில் கொடுத்தார்கள். சக்கரவர்த்தி ஹாலந்துக்குப் போய்விட்டார். காட்டுக்குள் நின்ற ஒரு ரயில்பெட்டியில், எதிரியின் முன்னால், போர் நிறுத்தத்துக்குப் போன குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் ஒரு சாதாரண அரசியல்வாதி. அவரை மூன்று ஆண்டுகளுக்குள் சுட்டுக் கொன்றார்கள். தோற்ற தளபதிகளோ நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். நாங்கள் வென்றுகொண்டிருந்தோம், முதுகில் குத்திவிட்டார்கள் என்றார்கள். நாடு நம்பியது. நம்ப வசதியாக இருந்தது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே அதன்மேல் கொலைப்பழி போட்ட மாதிரி, புதிய குடியரசின்மேல் அது போடாத போரின் தோல்வியைப் போட்டார்கள்.

லோரென்ட்ஸ் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் மன்றக் காலத்தில் தெருவில் என்னைப் பார்த்துக் கத்துவார்கள், நீங்கள்தான் போரைத் தோற்றீர்கள் என்று. பதினெட்டில் எனக்குப் பதினேழு வயது" என்றார்.

மேஜர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "என்ன சொல்ல. நாங்கள் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது."

நடராசா இருமுவதுபோல வெளியே போய்விட்டார். என்னால் போக முடியவில்லை.

இதில் இன்னொரு விஷயம். படையிலிருந்து வந்த மேஜர் அதே குடியரசின் மாவட்ட அலுவலகத்தில் அதிகாரியாக உட்கார்ந்தார். அரசியலமைப்பைக் காப்பேன் என்று சத்தியம் செய்தார். "இரண்டு விரலைத் தூக்கிச் சொன்னேன். விரல்தானே" என்று சிரிப்பார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு அந்தக் குடியரசின் கொடியைக் கறுப்பு, சிவப்பு, கடுகு என்று கேலி செய்வார்களாம் அலுவலகத்தில். பொன்னிறத்தை, இங்கே தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் மஞ்சள் கடுகுச் சாந்தோடு சேர்த்துப் பேசும் பேச்சு. இப்போதைய மேற்கு ஜெர்மனிக்கும் அதே கொடிதான். அறுபத்தெட்டிலும் அவர் அதைக் கடுகு என்றார். சக்கரவர்த்தி, குடியரசு, பழுப்புச் சட்டை, மறுபடியும் குடியரசு. நான்கு ஆட்சிகளிலும் அவர் ஒரு நாள்கூடச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாமல் இருந்ததில்லை. நான்கில் அவர் வாயாரத் திட்டியது, தங்களைத் திட்ட அனுமதித்த இரண்டை மட்டும்தான்.

அறுபத்தேழு மார்ச்சில் என் தம்பி சென்னையிலிருந்து கடிதம் போட்டிருந்தான். இருபது ஆண்டுகள் ஆண்ட கட்சி தேர்தலில் தோற்றுவிட்டது. பெரிய தலைவரே சொந்த ஊரில் ஒரு மாணவரிடம் தோற்றார். நான் அதை மேஜரிடம் சொன்னேன். கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன்.

"பிறகு என்ன ஆயிற்று?" என்றார்.

"என்ன ஆகும்? தோற்றவர்கள் எழுந்தார்கள். வென்றவர்கள் உட்கார்ந்தார்கள்."

"ராணுவம்?"

"ராணுவத்துக்கு இதில் என்ன வேலை?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார். "தோற்றவர் யாரைக் குற்றம் சொன்னார்?"

"தெரியவில்லை. மக்கள் தீர்ப்பு என்று விட்டிருப்பார்."

"நம்ப முடியவில்லை" என்றார் மேஜர். உண்மையாகவே அவரால் முடியவில்லை. தோற்றுவிட்டு, யார்மீதும் பழி போடாமல், நாற்காலியைவிட்டு எழுந்து தெருவில் நடந்து போகிற ஒரு மனிதரை அவரால் மனத்தில் உருவாக்கிப் பார்க்கவே முடியவில்லை.

அந்த ஆண்டுதான் நகராட்சி தோட்டங்களின் கீழ்விளிம்பில் சாலை போட முடிவு செய்தது. ஒன்பது தோட்டங்கள் போகும். பதிலுக்கு ரயில் பாதைக்கு அப்பால் ஒன்பது துண்டு நிலம் தருகிறோம் என்றார்கள். மேஜர் சங்கத்தைக் கூட்டினார். "ஓர் அடி தர மாட்டோம்" என்று தடியை உயர்த்தினார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். வழக்குப் போட்டார். சமரசத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். அவர் பேசும் கூட்டங்களுக்குப் பக்கத்துச் சங்கங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். லோரென்ட்ஸ் மட்டும் ஒரு முறை எழுந்து, பேசிப் பார்க்கலாமே என்றார். "பேச்சு உங்கள் தொழில்" என்றார் மேஜர். சிரிப்பு.

அறுபத்தொன்பது வசந்தத்தில், ஒரு ஞாயிறு, நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது சங்கத்தின் வழக்கறிஞர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தோற்கப் போகிறோம், ஹெர் மேஜர். நிலம் அவர்களுடையது. தீர்ப்பு வந்தால் குத்தகையையே ரத்து செய்துவிடுவார்கள். நாற்பத்தேழும் போகும். இப்போது சமரசம் செய்தால் ஒன்பதோடு நிற்கும். மாற்று நிலமும் கிடைக்கும்."

மேஜர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்து யார் போட வேண்டும்?"

"சங்கத் தலைவர்."

"நல்லது" என்றார் மேஜர். பிறகு என்னிடம், "உங்கள் முறை, ஹெர் இஞ்சினியர்."

அடுத்த வாரம் அவருக்கு இதயக் கோளாறு வந்துவிட்டது.

"நாடி பிடிச்சுப் பாத்தனான், அண்ணை" என்றார் நடராசா மாடியில். "மணிக்கூடு மாதிரி அடிக்குது. அந்த இதயத்துக்கு ஒண்டுமில்லை. இன்னும் பத்து வருசம் ஓடும், நீங்கள் வேணுமெண்டா எழுதி வையுங்கோ."

ராஜினாமாக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவரைக் கௌரவத் தலைவராக்கினார்கள். தனக்குப் பின் லோரென்ட்ஸ் வர வேண்டும் என்று அவரே முன்மொழிந்தார். "என்னோடு ஒத்துப்போகாதவர். ஆனால் நாணயமானவர்" என்றார். அதற்கும் கை தட்டினார்கள். எவ்வளவு பெரிய மனது என்று என் பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். எனக்கு ஆட்டம் புரிந்துவிட்டது. மறுநாளே முப்பத்தொன்றாம் தோட்டத்துக்குப் போய், வழக்கறிஞர் வந்ததையும் சொன்னதையும் சொன்னேன்.

லோரென்ட்ஸுக்கு ஆச்சரியமே இல்லை. "வழக்கறிஞர் என்னிடமும் சொல்லிவிட்டார்" என்றார்.

அவர் மனைவி எண்ணெய்த் தூரிகையோடு குடிசைக்குப் பின்னாலிருந்து வந்தார். "ஒரு தடவை போதாதா உங்களுக்கு? மற்றவன் உடைத்த பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு நீங்கள்தான் கிடைத்தீர்களா எப்போதும்?"

"யாராவது கையெழுத்துப் போட வேண்டும், எல்ஸ. இல்லாவிட்டால் முப்பத்தெட்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது."

"அந்த முப்பத்தெட்டு பேர் உங்களுக்கு நன்றி சொல்வார்களா?"

லோரென்ட்ஸ் மடங்காத விரல்களால் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டார். ஒன்பது பேர் ரயில் பாதைக்கு அப்பால் போனார்கள். அங்கே மண் கெட்டி, புகை அதிகம். முப்பத்தெட்டு தோட்டங்கள் பிழைத்தன. கோடை முழுவதும் மேஜர் சங்கத்தின் மதுக்கடையில், சுவரோரம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டால்தான் வாயைத் திறப்பார். "நான் உடல்நலம் இல்லாமல் விலகினேன். வழக்கு அப்போது எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்." கொஞ்சம் நிறுத்துவார். "கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது." துரோகி என்ற சொல்லை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். அதற்குத்தானே அந்த நிறுத்தம். ஆகஸ்டில் லோரென்ட்ஸின் வேலிக் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தார்கள்: விற்றவன். தோட்டம் பிழைத்தவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். போன ஒன்பது பேரில் இரண்டு பேராவது அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் மேஜரிடம் நேராகக் கேட்டேன். "வழக்கறிஞர் சொன்னபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேனே?"

அவர் கோபப்படவில்லை. "நீங்கள் ஆட்டத்தில் கவனமாக இருந்தீர்கள். தவிர, வேகமாகப் பேசினால் ஜெர்மன் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சிரமம்தான், இல்லையா?" என்றார், அதே பெருந்தன்மையோடு.

செப்டம்பர் கடைசியில் விசேஷக் கூட்டம். தீர்மானம்: சங்கத்தின் நலனுக்குக் கேடு செய்த லோரென்ட்ஸைத் தலைமையிலிருந்தும் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் நீக்குவது. உறுப்பினர் இல்லாதவர் தோட்டம் வைத்திருக்க முடியாது. அதாவது, முப்பத்தொன்றாம் எண் போகும். அந்தக் குடிசை போகும்.

கை தூக்கும் வாக்கு. எண்ணுவது யார் என்று தகராறு. யாருக்கும் யார்மீதும் நம்பிக்கை இல்லை. கடைசியில் மேஜரே சொன்னார், அந்த இந்தியர் எண்ணட்டும், அவருக்குத் தோட்டமும் இல்லை, பக்கமும் இல்லை என்று. என்னைக் கூப்பிட்டு மேஜைக்கு முன் நிறுத்தினார்கள்.

நான் எண்ணுவதற்கு முன் சொன்னேன். "வழக்கு தோற்கப் போகிறது என்று வழக்கறிஞர் சொன்னதை நான் கேட்டேன். அப்போது லோரென்ட்ஸ் தலைவராக இல்லை."

"நீங்கள் உறுப்பினர் இல்லை" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "எண்ணத்தான் கூப்பிட்டோம். எண்ணுங்கள்." இன்னொருவன், "சதுரங்கக் காயை எண்ணட்டும்" என்றான். சிரித்தார்கள். வழக்கறிஞர் வரவில்லை. தொழில் ரகசியமாம்.

எண்ணினேன். அறையில் நாற்பத்தொரு பேர். நீக்க வேண்டும் என்று பதினான்கு கைகள். கூடாது என்று பன்னிரண்டு கைகள். மீதிப் பதினைந்து பேர் கையைத் தூக்கவே இல்லை. ஒருவர் பீர் கோப்பையின் ஈரத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். அந்தப் பதினைந்தில் ஒருவர் லோரென்ட்ஸ். தன்னைப் பற்றிய தீர்மானத்தில் தான் கை தூக்குவது முறையில்லையாம். இன்னொருவர் மேஜர். இரண்டு கைகளையும் தடியின் மேல் வைத்து, பக்தன் போல உட்கார்ந்திருந்தார்.

இரண்டு முறை எண்ணினேன். மூன்றாவது முறையும் எண்ணினேன். எண் மாறவில்லை. நாற்பத்தொன்றில் பதினான்கு. வெறும் மூன்றில் ஒரு பங்கினர் ஒரு மனிதனைத் துரத்திவிட்டார்கள். இன்றுவரை என் கோபம் அந்தப் பதினான்கு பேர்மீது குறைவுதான். கத்தியவன் கத்தினான். ஈரம் துடைத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் குடியரசு விழுந்த அன்று எத்தனை லட்சம் விரல்கள் இப்படி ஈரம் துடைத்துக்கொண்டிருந்தன என்று எந்தப் புத்தகமும் எண்ணிச் சொல்லவில்லை.

மேஜரின் வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். நடராசாவும் சொல்லிவிட்டார். அக்டோபரின் கடைசி ஞாயிறு, பெட்டிகள் மாடிப்படியில் கட்டி வைத்திருந்தன. மேஜர் கடைசியாக ஓர் ஆட்டம் என்றார். சரி என்று உட்கார்ந்தேன். வெறும் கோபத்தில்தான். இதற்குமுன் ஒருநாளும் அப்படிக் கவனமாக ஆடியதில்லை. ஒரு மணி நேரத்தில் அவரிடம் ராஜாவும், ஒரு யானையும், மூன்று சிப்பாய்களும்தான் மிஞ்சின. இன்னும் மூன்று நகர்த்தல். அவருக்கும் அது தெரிந்தது. கண் நடராசாவின் பக்கம் போனது. நடராசா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார்.

வாசல் மணி அடித்தது. லோரென்ட்ஸ். மழைக் கோட்டு, கையில் சங்கக் கட்டடத்தின் பெரிய சாவி. புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும்வரை சாவி கௌரவத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று காலைதான் முப்பத்தொன்றாம் எண்ணைக் காலி செய்திருந்தார்கள். குடிசையைப் பிரித்துப் பலகைகளை வண்டியில் ஏற்றியதாகப் பிறகு அந்த அம்மாள் சொன்னார்.

மேஜரின் முகம் மலர்ந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையாகவே மலர்ந்தது.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள், லோரென்ட்ஸ். காபி போடுகிறேன். எனக்காகக் கொஞ்சம் உட்காருங்கள்."

எழுந்தார். நாற்காலியை ஒரு விருந்தாளிக்குத் தருவதுபோலத் திருப்பி வைத்தார். சமையலறைக்குப் போய்விட்டார்.

நடராசா தமிழில், மெல்ல, "அண்ணை, இந்த மனுசன் இருக்கப் போறார். பாருங்கோ" என்றார்.

லோரென்ட்ஸ் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். ஈரக் கோட்டோடு, தொப்பியை மடியில் வைத்து. ஒரு நாற்காலியைக் காட்டி உட்காருங்கள், நடத்துங்கள் என்று சொன்னால், ஐம்பது ஆண்டுகளாக உட்கார்ந்தே பழகிய உடம்பு அது. பலகையைப் பார்த்தார். அவருக்குச் சதுரங்கம் தெரியும். மடங்காத விரல்கள் ராஜாவின் அருகே போயின. தோற்றவர்கள் செய்வதுபோல அதைப் படுக்க வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கை நின்றது. உள்ளே கெண்டியில் தண்ணீர் சூடாகும் சத்தம் கேட்டது.

அவர் எழுந்தார். நாற்காலியைப் பழையபடி பலகையைப் பார்க்கத் திருப்பினார். சாவியை அதன் இருக்கையில் வைத்தார். சமையலறைப் பக்கம் பார்த்து, அதே தணிந்த குரலில் சொன்னார்.

"ஹெர் மேஜர். இது உங்கள் முறை."



நான் பலகையைக் கலைத்துவிடலாமா என்று கையை நீட்டினேன். "தொடாதீர்கள்" என்றார் லோரென்ட்ஸ். "ராஜா நிற்கட்டும். அவர் வரட்டும்."

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மூடியில் ஊதல் வைத்த பழைய கெண்டி அது. தண்ணீர் கொதித்துக் கூவத் தொடங்கியது. நாலு எட்டு தூரம்தான் சமையலறை. கதவிடுக்கில் அவருடைய தோளும் உள்கோட்டின் முதுகும் தெரிந்தன. அவர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார், விறைப்பாக, அணிவகுப்பில் நிற்பதுபோல. கெண்டி கூவிக்கொண்டே இருந்தது. அவர் அதை இறக்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.